பதினாறாம் நாள்

ஷரீஃபுன்னிசா சாக்குத் தைக்கிறவள். சைகோன் நகரத்தின் கான் ஹொய்யில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில், காப்பியும் மிளகும் அடைக்கிற சணல் சாக்குகளைக் கிழிசல் பார்த்து, ஒட்டுப்போட்டு, கோணி ஊசியால் தைத்து அடுக்குவது வேலை. பதினேழு வருடமாக அதே வேலை. 1995 நவம்பர் கடைசியில் ஒரு நாள், தைத்த கட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தபோது உள்ளே ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தாள். கிடங்கின் பின்பக்கக் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

அவளுக்கு ஐம்பத்தேழு முடிந்திருந்தது. மாதவிடாய் நின்று ஒன்பது வருடம்.

முதலில் வந்தது பயமல்ல, கூச்சம். யாராவது பார்த்துவிட்டார்களா என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, பாரம் நகர்த்தியதால் இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் காலையில் கறை சிவப்பாக இருந்தது. அப்போது அவள் செய்தது ஒன்றுதான். எண்ண ஆரம்பித்தாள்.

எண்ணுவது அவளுக்குப் பழகிய காரியம். சைகோனில் மிச்சமிருந்த தமிழ் முஸ்லிம் பெண்களுக்கு அந்த விஷயத்தில் எண்ணிச் சொல்கிறவள் அவள்தான். வாப்பா காரைக்காலிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர், உம்மா இந்த ஊர்க்காரி, கலிமா சொல்லிக் கட்டிக்கொண்டவள். மகளுக்கு மார்க்கம் தெரியாமல் போய்விடும் என்று பயந்து, நாகூரிலிருந்து வந்திருந்த ஒரு விதவைப் பெண்ணிடம் ஓத விட்டார் வாப்பா. அந்தம்மாள் வைத்திருந்த, அரபுத் தமிழில் அச்சான பெண்களுக்கான சட்டப் புத்தகம் ஷரீஃபுன்னிசாவுக்கு வந்து சேர்ந்தது. எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியதும் டோங் டு பள்ளிவாசலைச் சுற்றியிருந்த கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கின. கணவர் பக்கீர் மைதீன் மறு வருடம் சொந்த ஊருக்கு விமானம் ஏறினார். போய்ப் பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்றார். ஐந்து வருடம் கழித்து அவர் இறந்த செய்திதான் கடிதத்தில் வந்தது. ஓதத் தெரிந்த ஆண்களும் போய்விட்டார்கள். பெண்கள் சங்கதியை முன்னாலும் அவர்களிடம் கேட்டதில்லை, இனிமேல் கேட்க ஆளுமில்லை. புத்தகம் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்த ஷரீஃபுன்னிசா இருந்தாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெண்கள் பக்கத்துத் தூண் ஓரமாக யாராவது ஒருத்தி அவள் காதருகில் வந்து உட்காருவாள். தமிழ் மறந்தவர்களுக்கு வியட்நாமியத்தில் சொல்வாள்.

அவள் சொல்வது சுருக்கமாக இருக்கும். ஒரு பகல் ஓர் இரவுக்குக் குறைந்தால் அது ஹைளு, அதாவது மாதவிடாய், ஆகாது. பதினைந்து நாளுக்கு மேல் போனாலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் வந்தால் ஹைளு. தொழுகையை விடு. நின்றதும் தலை முழுகித் தொழு. அடுத்தது வர இடையில் பதினைந்து நாளாவது சுத்தமாக இருக்க வேண்டும். இதற்கு வயது வரம்பு இல்லை. கிழவிக்கு வந்தாலும் கணக்குக்குள் வந்தால் ஹைளுதான்.

தனக்கு வந்ததையும் அப்படியே பார்த்தாள். இரண்டு நாள் இருந்து நின்றது. கணக்குக்குள் இருந்தது. இரண்டு நாள் தொழுகையை விட்டு, மூன்றாம் நாள் தலை முழுகினாள். மனசு லேசாகிவிட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, உடம்பு இன்னும் தன்னைக் கிழவி என்று ஒப்புக்கொள்ளவில்லை என்று.

இருபத்தைந்து நாள் கழித்து மறுபடி வந்தது. நான்கு நாள். இடையில் பதினைந்துக்கு மேல் சுத்தம். இதுவும் கணக்குக்குள். மாவு மூட்டைத் துணியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். மகள் எழுந்திருக்கும் முன் அலசி, சமையல் இடத்துக்குப் பின்னால் கண்ணுக்குப் படாத கொடியில் போட்டாள்.

ரமலான் பிறந்தது. இங்கே அந்த வருடம் ரமலான் முடிந்த கையோடு தெத், வியட்நாமியரின் புத்தாண்டு. ஒரு பக்கம் நோன்பு, மறுபக்கம் மொத்த நகரமும் பன்றி இறைச்சியும் ஒட்டரிசியும் வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது நோன்பன்று மூன்றாம் முறையாகக் கண்டது. இந்த முறை கறை அல்ல, ஓட்டம்.

மகள் ஹமீதா பானுவுக்கு முப்பது வயது. ஏற்றுமதி வளாகத்தில் தையல் வரிசையில் வேலை. உம்மா பகலில் தண்ணீர் குடிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"உம்மா, நோன்பு இல்லையா?"

"எனக்குத் தூரம்."

ஹமீதா பானு ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கே இப்ப இல்லை, உங்களுக்கு இக்கிதா? போற போக்கைப் பாத்தா எனக்குத் தம்பி பொறப்பான் போல."

"வாயை மூடுடி. புஸ்தகத்துல இக்கிது. வயசு கிடையாது."

புத்தகத்தில் இருக்கிறது என்று உம்மா சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு இல்லை. மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஏழு நாள் ஆனது. பத்து ஆனது. ஷரீஃபுன்னிசா சுவரில் கரியால் கோடு போட்டு வந்தாள். ஓட்டம் ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும், நிற்கவில்லை. வலி என்று எதுவும் இல்லை. சாக்குத் தைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கண் கொஞ்சம் இருட்டியது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் கிடங்கில் ஒரே கிழிசலுக்கு இரண்டு ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். பக்கத்திலிருந்தவள் காட்டியபோதுதான் தெரிந்தது.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் அவள் அல்லாவிடம் வேறொன்றும் கேட்கவில்லை, இன்றைக்கு நின்றுவிடட்டும் என்று மட்டும் கேட்டாள்.

பதினாறாம் நாள் காலை, ஆற்றில் ஓதம் ஏறிச் சந்துக்குள் கணுக்கால் தண்ணீர் நின்றது. கிடங்குக்குப் போக முடியாது. துணியைப் பார்த்தாள். சிவப்பு. சுவர்க் கோடுகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். புத்தகத்தை எடுத்துக் கட்டிலில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பக்கத்தைத் திருப்பினாள்.

பதினைந்து நாளைத் தாண்டினால் அது ஹைளு அல்ல, நோயின் ரத்தம். அவள் குளித்து, துணி கட்டி, ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாகக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து தொழுவாளாக. நோன்பும் நோற்பாளாக.

இருபது வருடமாக அந்த வரியை எத்தனையோ பேருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எப்போதும் அவள் கண் ஓடுவது வரியின் பின்பாதிக்கு. குளிக்க வேண்டுமா, தொழலாமா, நோன்பு உண்டா. கேட்டவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முன்பாதியில் நோய் என்று ஒரு சொல் இருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. என்ன நோய் என்று புத்தகத்தில் இல்லை. அதைச் சொல்வது அந்தப் புத்தகத்தின் வேலை இல்லை.

அப்போதுதான் ருக்கையா பீவியின் நினைவு வந்தது.

ருக்கையா பீவி, சாப்பாட்டுக் கடை சேக்கின் மனைவி. வியட்நாமியப் பெண். அறுபது வயது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தூண் ஓரமாக வந்து உட்கார்ந்து, நின்றுபோன ரத்தம் மறுபடி வருகிறது, தொழலாமா என்று கேட்டாள். எத்தனை நாள் என்று ஷரீஃபுன்னிசா கேட்டாள். ஐந்து. சரி, ஐந்து நாள் விட்டுவிட்டுத் தலை முழுகித் தொழு. ருக்கையா பீவிக்கு முகமெல்லாம் தெளிந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு கட்டு ரம்புத்தான் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் இரண்டு தடவை வந்து கேட்டாள். இரண்டு தடவையும் ஷரீஃபுன்னிசா எண்ணிச் சொன்னாள். பிறகு அவள் பள்ளிவாசலுக்கு வருவது நின்றது. பத்து மாதம் கழித்து ஷரீஃபுன்னிசாதான் அவள் மையித்தைக் குளிப்பாட்டினாள். கால்கள் குச்சி, வயிறு மட்டும் ஊதியிருந்தது. எத்தனை பஞ்சு வைத்தும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வயிற்று நோய் என்று சேக் சொன்னார். அவளும் வயிற்று நோய் என்றே எல்லோரிடமும் சொன்னாள்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். மூன்று தடவையும் சரி. இப்போது திருப்பிப் பார்த்தாலும் ஒரு பிழை இல்லை. அதுதான் அவளை உட்கார விடவில்லை.

தண்ணீர் வடியும் முன்பே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒடெட் வீட்டுக்கு நடந்தாள்.

ஒடெட் காரைக்கால்காரி இல்லை, புதுச்சேரிக் குடும்பம், கிறிஸ்துவச்சி. பிரெஞ்சுக்காரர் காலத்து ஆஸ்பத்திரியில் தாதியாக ஆரம்பித்து, அரசாங்கம் மாறிய பிறகும் பிரசவ வார்டில் ஓய்வு வரைக்கும் இருந்தவள். வாய்க்கால் ஓரத்துப் பழைய குடியிருப்பில் இரண்டாம் மாடி. பள்ளிக்கூட நாளிலிருந்து இருவருக்கும் சிநேகம். ஒடெட்டிடம் ஒரு பழக்கம், ஆளின் முகத்தைப் பார்க்காமல் கேள்வி கேட்பாள். வார்டில் வந்த பழக்கம். அன்றைக்குக் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒருத்திக்காகக் கேக்க வந்தேன்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"கேளேன்."

"நின்னு போனவளுக்கு மறுபடி வருது."

"நின்னு எத்தனை வருஷம்?"

"ஒம்பது."

"எத்தனை தடவை வந்துச்சு?"

"மூணு. இது பதினாறாம் நாள்."

ஒடெட்டின் விரல்கள் ஒரு நொடி நின்று மறுபடி முள் எடுத்தன. கட்டி கட்டியாக விழுகிறதா, நாற்றம் உண்டா, உடம்பு இளைத்திருக்கிறதா, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஏதாவது உண்டா, யாராவது கொடுத்தார்கள் என்று மாத்திரை விழுங்கினாளா என்று வரிசையாகக் கேட்டாள். ஷரீஃபுன்னிசா எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் சொன்னாள். அந்த ஒருத்தியைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"வலி மட்டும் இல்லவே இல்லை. அதனால ஒண்ணும் இருக்காதுன்னு அவ..."

"வலி வந்த பிறகு வரணும்னு அவளுக்கு யாருடி சொன்னது? முதல் தடவை ஒரு சொட்டு கண்டப்பவே வந்திருக்கணும். ஒரு வருஷம் நின்னுபோன பிறகு ஒரு சொட்டு வந்தாலும், அது பழுப்போ சிவப்போ, டாக்டர் பாக்கணும். அவ்வளவுதான். இதுல நாள் கணக்கே கிடையாது."

ஷரீஃபுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்த ஒருத்திகிட்ட சொல்லு, நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கீழே படிக்கட்டுல வந்து நிக்கணும்னு. முக்காட்டுல சணல் தூசி இருக்கும், நான் அடையாளம் கண்டுபிடிச்சுக்கிறேன்."

இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

ஆனால் ஷரீஃபுன்னிசா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பதினைந்தைத் தாண்டிவிட்டதால் இன்றிலிருந்து நோன்பு கடமையாகிவிட்டது. டாக்டர் உள்ளே கையோ கருவியோ விட்டால் நோன்பு முறிந்துவிடும். பெருநாளுக்கு எட்டு, ஒன்பது நாள்தான். அது கழியட்டும் என்றாள். பெருநாள் தெத்தின் மேலேயே விழுகிறதே என்றாள் ஒடெட். தெத்துக்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் பிரசவமும் விபத்தும் தவிர எதையும் பார்க்க மாட்டார்கள். பிறகு விடுமுறை முடிந்து வரும் கூட்டம். ஆக ஒரு மாதம்.

"சீக்காளிக்கு நோன்பை விட்டுட்டு அப்புறம் பிடிக்கலாம்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்றே?"

"நான் சீக்காளின்னு யாரு சொன்னா?"

"அதைக் கேக்கத்தாண்டி போறோம்."

மறுநாள் இருட்டு விலகும் முன் இருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வாடகைக்காரன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பாலம் கடந்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிக் கூடத்தில் அதற்குள் நூறு பேர். தெத்துக்கு முன் எல்லோரும் உடம்பு வேலையை முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். சீட்டில் எண் எண்பத்து மூன்று.

பெஞ்சில் ஒடெட் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறாம் எண்ணுடன் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாதம், காலையிலிருந்து ரத்தம் என்று ஒடெட் அவளிடம் கேட்டு வாங்கினாள். கர்ப்பத்தில் ரத்தம் என்றால் வரிசை கிடையாது என்று அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். எதிர்ப் பெஞ்சுக்காரி நாற்பது வயதிருப்பாள். புருஷனோடு இருந்த பிறகு கறை படுகிறது, மானத்தை விட்டு இதை எப்படிச் சொல்வது, பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று முணுமுணுத்தாள். அந்த வார்த்தையை அப்படியே உள்ளே சொல், வேறெதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள் ஒடெட். சுவரோரம் நின்ற ஒருத்தி மணிக்கு ஒரு துணி நனைகிறது, தலை சுற்றுகிறது என்றதும் அவளையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லிக் கத்தினாள். இவள் இன்னும் இங்கே வேலையில் இருக்கிறாளோ என்று சந்தேகப்பட்டுப் பணிப்பெண்கள் சொன்னபடி செய்தார்கள்.

ஷரீஃபுன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் தன்னிடம் இத்தனை வருடம் கேட்டதும் இதையேதான். அவள் ஒருத்தியிடமும் வலி உண்டா என்று கேட்டதில்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டதில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

டாக்டர் பெண்தான். மகள் வயது. அதில் கொஞ்சம் மூச்சு வந்தது. எப்போது நின்றது, எப்போது வந்தது, எத்தனை பிள்ளை என்று எழுதிக்கொண்டாள். முதல் தடவையே ஏன் வரவில்லை என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, எழுத வேண்டியிருந்ததால் கேட்டாள். நாள் கணக்குக்குள் இருந்தது என்று ஷரீஃபுன்னிசா சொன்னாள். வியட்நாமியத்தில் சொன்னபோது அதற்கு அர்த்தமே இல்லாமல் இருந்தது. டாக்டர் எதையோ எழுதினாள்.

பரிசோதனை அவள் பயந்த அளவுக்கு இல்லை. கூசியது, குளிர்ந்தது, முடிந்தது. உறை மாட்டிய கருவியை உள்ளே வைத்துத் திரையில் பார்த்தபோது ஷரீஃபுன்னிசா திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் வாயைப் பார்த்தாள். வாய் இறுகவும் இல்லை, விரியவும் இல்லை. கருப்பையின் உள்தோல் இந்த வயதில் நாலைந்து மில்லிமீட்டர் இருக்கலாம், உங்களுக்குப் பதினாலு இருக்கிறது, சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றாள். அன்றைக்கே மயக்கம் கொடுத்துச் சுரண்டினார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள், அது கெட்ட நோயா என்று. இப்போது தெரியாது என்றாள் டாக்டர். உங்களைப் போல நின்றபின் ரத்தம் கண்டு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேறு காரணம் இருக்கும், உலர்ந்த தோல், சின்னச் சதை வளர்ச்சி, இப்படி ஏதாவது. பத்தாமவர் யார் என்று வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் பத்துப் பேரும் வரவேண்டும். முடிவு ஐந்து நாளில்.

அந்த ஐந்து நாளும் அவள் கிடங்குக்குப் போகவில்லை. ரத்தம் சுரண்டலுக்குப் பிறகு மட்டுப்பட்டது. குறைந்துவிட்டதே, ஒன்பதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று காலையில் தோன்றும். மத்தியானத்துக்குள், குறைந்தது நோயல்ல, சுரண்டி எடுத்த தோல்தான் என்று தோன்றும். சந்து முழுக்க மஞ்சள் பூத்தொட்டி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி, வருடம் முடியப்போகிற நேரத்தில் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே, வருடம் முழுக்க அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளிடம் மூன்றாம் நாள் சொன்னாள். ஹமீதா பானு சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். முடிந்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் சொல்றீங்க. ஒடெட் மாமிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"உனக்குச் சொன்னேனே, தூரம்னு."

"சொன்னீங்க. நான் சிரிச்சேன்." அவள் எழுந்து கை கழுவப் போனாள். அங்கேயே நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "நான் சிரிச்சேனே உம்மா."

ஷரீஃபுன்னிசா போய்க் குழாயை மூடினாள். நீயும் எப்போதாவது இடையில் கண்டால் என்னிடம் கேட்காதே, ஒடெட்டிடம் கேள் என்றாள். அது ஆறுதலாக இல்லை என்பது சொன்ன பிறகு தெரிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

தெத்துக்கு இரண்டு நாள் முன் முடிவு வாங்கப் போனார்கள். ஹமீதா பானு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஒடெட்டைக் கூப்பிடவில்லை. கூடத்தில் பாதி பெஞ்சு காலி. பணிப்பெண் ஒருத்தி சன்னலில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஷரீஃபுன்னிசா அன்றைக்கு நோன்பு. உதடு காய்ந்திருந்தது.

டாக்டர் தாளை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை தனக்காக, இரண்டாம் தடவை இவர்களுக்காக. புற்று என்ற சொல்லைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஆரம்பத்தில் இருப்பதாகத் தெரிகிறது, படத்தில் பார்த்தவரை கருப்பைக்குள்ளேயே இருக்கிறது, கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட வேண்டும், தெத் கழிந்து ஆறாம் நாள் முதல் ஆளாகப் போட்டிருக்கிறேன் என்றாள். ஹமீதா பானு உம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

ஷரீஃபுன்னிசா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் நிறுத்தியதும் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு விட்டுப்போன நோன்பை எத்தனை நாள் கழித்துப் பிடிக்கலாம் என்ற கேள்வி.

டாக்டருக்குப் புரியவில்லை. ஹமீதா பானு தலையைக் குனிந்துகொண்டாள். கேள்வி மேசை மேல் கிடந்தது. தான் சொன்னது ஷரீஃபுன்னிசாவின் காதிலேயே விழுந்தது. எத்தனை நாள். அவளுக்கு எல்லாவற்றையும் கேட்க இந்த ஒரு கேள்விதான் தெரியும். முக்காட்டை நெற்றியிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளினாள்.

"நான் பிழைச்சுக்குவேனா?"

டாக்டர் தாளை மடிக்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னாள்.

"எடுத்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். உள்ளேயே நின்றிருந்தால், உங்களைப் போல வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் வீட்டிலேயே இருந்திருந்தால் இதை என்னால் சொல்ல முடியாது."

பெரும்பாலானவர்கள். எல்லோரும் இல்லை. ஷரீஃபுன்னிசா அந்தச் சொல்லை உள்ளே வைத்துப் பார்த்தாள். அதில் பிடித்துக்கொள்ள எண் எதுவும் இல்லை. பயம் போகவில்லை. ஆனால் இப்போது அது எதைப் பற்றிய பயம் என்று தெரிந்தது. மகளின் விரல்களை முழங்கையிலிருந்து மெல்ல எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.